வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது: புது கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல் ஐ5, நான்காம் தலைமுறை. குரோமில் யூடியூப் வீடியோவை 1080-இல் வைத்தால் ஒலி ஒழுங்காக வருகிறது, படம்தான் விட்டுவிட்டு நகர்கிறது. சிபியு 100 சதவீதத்தைத் தொடுகிறது. ஜிடி 710 கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கார்டு இதற்கு உதவாது.

யூடியூப் ஒரே வீடியோவை ஹெச்.264, விபி9, ஏவி1 என்று பல வடிவங்களில் வைத்திருக்கிறது. குரோமுக்குப் பெரும்பாலும் பின் இரண்டில் ஒன்றைத்தான் அனுப்பும். அவற்றுக்கு டேட்டா குறைவாகப் போதும். உங்கள் சிப்பில், இவற்றில் ஹெச்.264-ஐ மட்டும் விரித்துப் படமாக்க (அதாவது 'டிகோட்' செய்ய) தனி மின்சுற்று இருக்கிறது. மற்ற இரண்டும் வந்தால் பாரமெல்லாம் சிபியு தலையில் விழுகிறது. ஜிடி 710-இலும் விபி9-க்கான மின்சுற்று கிடையாது. காசு கொடுத்த பிறகும் படம் இப்படியேதான் ஓடும்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்கள். 'பஃபர் ஹெல்த்' (முன்கூட்டியே இறங்கிச் சேர்ந்திருக்கும் வீடியோவின் அளவு) பூஜ்யத்துக்கு இறங்கினால் கோளாறு இன்டர்நெட்டில். அது நிறைய இருந்தும் 'ஃபிரேம்ஸ்' வரியில் 'டிராப்டு' எண்ணிக்கை (காட்டாமல் விடுபட்ட படங்கள்) ஏறிக்கொண்டே போனால் கணினி தடுமாறுகிறது என்று அர்த்தம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான். அதிலேயே 'கோடெக்ஸ்' வரியில் ஏவிசி1 என்று இருந்தால் ஹெச்.264; விபி09 அல்லது ஏவி01 என்று இருந்தால் மற்றவை.

சரி, செலவில்லாத வழி: யூடியூபை ஹெச்.264 மட்டும் அனுப்பவைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை குரோமில் போடுங்கள். 1080 வரை அந்த வடிவம் கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது. அப்புறம் குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய், கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் (வீடியோ வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். திரை கறுப்பாகவோ பச்சையாகவோ வந்தபோது யாரோ சொல்லி அதை அணைத்துவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கோளாறுக்கு கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பதே நல்ல வைத்தியம். பிறகு வீடியோவை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறங்கள். 'வீடியோ டிகோட்' கோடு மேலே ஏறினால் வேலை சிபியுவிடமிருந்து அதற்குக் கைமாறிவிட்டது.

4கே பார்த்தே ஆகவேண்டும் என்றால் மட்டும் கார்டு பற்றி யோசியுங்கள். ஜிடி 1030-இல் விபி9 உண்டு, ஏவி1 இல்லை. என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து ஏவி1-உம் உண்டு. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6000 வரிசையில் கவனம் தேவை: 2022-இல் வந்த 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் ஏவி1 டிகோட் கிடையாது. இன்டெல் ஆர்க்கில் உண்டு என்றாலும், அது எதிர்பார்க்கும் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரேயடியாக அணுகுவது) வசதி உங்கள் காலத்து மதர்போர்டுகளில் இருக்காது. பெட்டி மேல் '4கே' என்று போட்டிருப்பது பெரும்பாலும் மானிட்டருக்குப் படம் அனுப்பும் திறனைத்தான் குறிக்கும். அதை நம்பாமல், கார்டின் மாடல் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் விபி9, ஏவி1 இரண்டுக்கும் டிகோட் வசதி உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.