செவியும் காதும் ஒன்றுதானா?

செவி, காது இரண்டும் ஒரே உறுப்புதானே, பிறகு எதற்கு இரண்டு சொல், எது பழையது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

செவியில் இருந்து தொடங்குகிறேன். கன்னடம் பேசும் நண்பர் ஒருவர் ஒருமுறை தன் காதைத் தொட்டுக் காட்டி 'கிவி' என்றார். முதலில் வேறு ஏதோ சொல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது, அது நம் செவியேதான். இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த பழைய ககரம் தமிழில் பல சொற்களில் சகரமாகிவிட்டது, கன்னடம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. நம் சேரி அங்கே கேரி. சிவப்பைச் சொல்லும் நம் செம்மைக்கு அங்கே கெம்பு. துளுவில் காதுக்குக் கெபி என்கிறார்கள். பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி என்னும் திராவிட மொழியில்கூட, தொண்டையில் உரசி வரும் ககர ஒலியோடு, 'கஃப்' என்பது போன்ற ஒரு சொல் காதைக் குறிக்கிறது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் மொழியிலும் இதே வேர் நிற்கிறது என்று அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. திராவிட மொழிகள் பிரிவதற்கு முன்பே இருந்த சொல் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

செவிடு என்பதும் இதே குடும்பம்தான். கன்னடத்தில் அது கிவுடு.

சரி, காது? அதுவும் புதிய சொல் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில் பாடினியை வருணிக்கும் இடத்தில், "மயிர்க்குறை கருவி மாண்கடை அன்ன பூங்குழை ஊசல் பொறைசால் காதின்" என்று வருகிறது. மயிர் வெட்டும் கத்தரிக்கோலின் பிடியைப் போன்ற காது. கத்தரியின் அந்த வளையத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு பொருத்தம்!

இந்த உவமையைப் படித்ததிலிருந்து எனக்கு ஓர் எண்ணம். இன்றைய வழக்கில் செவி கேட்பதைச் சொல்கிறது, காது வடிவத்தைச் சொல்கிறது. ஊசிக்குக் காது உண்டு. பட்டினத்தாரின் "காதற்ற ஊசி" எல்லோருக்கும் தெரிந்ததுதான். பைக்குக் காது உண்டு, அது அறுந்தும் போகும். செருப்புக்கும் அப்படியே. இவை எதையும் செவி என்று யாரும் சொல்வதில்லை. மறுபக்கம், செவிமடுத்தல், செவிசாய்த்தல், செவிவழிச் செய்தி என்று எல்லாமே கேட்பது பற்றியவை. தொல்காப்பிய மரபியல் அறிவுகளை வரிசைப்படுத்தும்போதும் "ஐந்தறி வதுவே அவற்றொடு செவியே" என்றுதான் சொல்கிறது.

ஆனால் இந்தப் பிரிவு தொடக்கத்திலிருந்தே இப்படித் தெளிவாக இருக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் முயல் "நெடுஞ்செவிக் குறுமுயல்". அங்கே செவி வடிவத்துக்குத்தான் வருகிறது. பிற்காலத்தில் பேச்சில் காது இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது. 'காது கேட்கவில்லை' என்கிறோம், 'செவி கேட்கவில்லை' என்பதில்லை. செவி மெல்ல எழுத்துத் தமிழுக்கு ஒதுங்கியது. மலையாளத்திலோ செவி இன்றும் சாதாரணப் பேச்சுச் சொல்.

இரண்டு பொருளையும் ஒரே குறளில் கட்டியவர் வள்ளுவர். "கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால் தோட்கப் படாத செவி." தோட்கப்படாத என்றால் துளைக்கப்படாத. காதில் ஏற்கெனவே துளை இருக்கிறது, ஆனாலும் கேள்வியறிவு துளைக்காவிட்டால் அது கேளாச் செவிதான் என்கிறார். உறுப்பின் வடிவத்தை எடுத்து அதன் வேலைக்கு உவமையாக்கிவிட்டார். 'கேள்வி' அதிகாரத்தில் "செவிச்செல்வம்" உள்ள குறளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இந்த 418ஆம் குறள்தான் அதைவிடப் பெரியது.