இரவு ஒன்பது மணிக்குத் தத்துவம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் டெஸ்டிங் வேலை. நீங்கள் ஃபூக்கோ, அதோர்னோ போன்ற தத்துவவாதிகளைப் பற்றி எழுதுவதைப் படித்து, சர்ச் தெருவில் ஆறு புத்தகங்கள் வாங்கினேன். எதிலும் நாற்பது பக்கம் தாண்டவில்லை. காலை எட்டுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பது. சமைத்துச் சாப்பிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது. புதிது புதிதாக வேறு வந்துகொண்டே இருக்கின்றன. கான்ட், ஹெகல் படிக்காமல் இதெல்லாம் ஏறாது என்கிறார் நண்பர். எனக்கு இதற்கான தலை இல்லையோ? ஒரே ஒரு புதுப் புத்தகம் சொல்வதென்றால் எதைச் சொல்வீர்கள்?

எம்., பொம்மனஹள்ளி

அன்புள்ள எம்.,

ஒன்றே ஒன்று என்றால், ஜெர்மானியத் தத்துவவாதி அக்ஸல் ஹொன்னெத்தின் ‘தி வொர்க்கிங் சாவரின்’ (உழைக்கும் மன்னர்). ஜெர்மனில் 2023-இல் வந்தது, ஆங்கிலத்தில் 2024-இல். இரவு ஒன்பது மணிக்குக் கண் சொக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் புத்தகம் பேசுவதே அதைப் பற்றித்தான்.

ஜனநாயகத்தில் மக்களே மன்னர் என்கிறோம். அந்த மன்னர் பகல் முழுக்க யாரோ சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறார் என்பதை ஜனநாயகக் கோட்பாடுகள் மறந்துவிட்டன என்கிறார் ஹொன்னெத். பொது விஷயத்தில் ஒருவர் வாய்திறக்க வேண்டுமென்றால், வயிற்றுப்பாட்டுக்கு இன்னொருவர் தயவில் இருக்கக்கூடாது. நேரம் வேண்டும், உடம்பில் கொஞ்சம் தெம்பு மிஞ்ச வேண்டும். தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை வளர்ப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் வேலையிடம்தான். வீட்டில் செய்யும் சம்பளமில்லாத வேலையையும் அவர் கணக்கில் சேர்க்கிறார். இரவு ஒன்பதுக்குமேல் நீங்கள் சமைப்பதும் அதில் வரும். ஆக, உங்கள் களைப்பு உங்களுடைய குறை அல்ல. அது அரசியல் விஷயம். 2024-இல் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களின் வேலை நேரத்தை நாளுக்கு 14 மணி வரை நீட்டிக்கும் யோசனை வந்தது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, நினைவிருக்கும். அதை இந்தப் புத்தகத்தோடு சேர்த்துப் படியுங்கள். பறிபோக இருந்தது ஓய்வு மட்டும்தானா என்று உங்களுக்கே கேட்கத் தோன்றும்.

சரி, ஹெகல். படித்தால் நல்லதுதான், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஹொன்னெத் பல ஆண்டுகள் இயக்குநராக இருந்த ஃப்ராங்க்ஃபர்ட் சமூக ஆய்வு நிறுவனம் 1923-இல் தொடங்கியது. அதன் ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று, 1929-இல் சமூக உளவியலாளர் எரிக் ஃப்ராம் முன்னின்று நடத்தியது. ஜெர்மானியத் தொழிலாளர்களுக்கு 271 கேள்விகள் கொண்ட படிவத்தை அனுப்பினார்கள். வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறீர்கள், அடிக்காமல் பிள்ளை வளர்க்க முடியுமா, இப்படியெல்லாம் கேள்விகள். ஓட்டுப் போடுவது இடதுசாரிக்கு, மனசு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார்கள். ஹிட்லர் வருவதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு. உங்களைப் போன்றவர்களின் வீட்டுச் சுவரைப் பார்க்கத் துடித்த துறைக்குள் நுழைய, நீங்கள் எதற்கு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும்?

தலை இல்லையோ என்கிறீர்கள். என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். தலித் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் நடுவே வாசகர்கள் இருந்தார்கள். 1914-இல் அயோத்திதாசர் மறைந்த பிறகு, அவருடைய எழுத்துகளை நூலாகப் போட்டது அங்கே சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. ஒருவர் வாசிப்பார், ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்று தாத்தா சொல்வார். பௌத்தமும் வரலாறும் சொல்லாராய்ச்சியும் கலந்த, லேசில் பிடிபடாத எழுத்து அது. தனியாகப் படித்து அல்ல, சேர்ந்துதான் அவர்கள் அதற்குள் போனார்கள். உங்களுக்கும் அலுவலகத்தில் இரண்டு பேர் கிடைக்காமல் போகமாட்டார்கள்.

ஹொன்னெத்திடம் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. வேலைப் பிரிவினையைச் சரியாக அமைத்தால் ஜனநாயகம் உரம் பெறும் என்பது அவர் வாதம். சாதி என்பது வேலைகளைப் பிரிப்பது மட்டும் அல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு படித்தால் புத்தகம் வேறாகிவிடுகிறது. அல்சூரில் என் தெருவைக் காலை ஆறரைக்குக் கூட்டும் பௌரகார்மிகப் பெண்களுக்கு நல்ல கூலியும் நிரந்தர வேலையும் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தத் துடைப்பம் ஏன் தலைமுறை தலைமுறையாக அதே சாதிகளின் கைக்கே போகிறது என்ற கேள்விக்கு ஹொன்னெத்தின் திட்டத்தில் இடமில்லை. அவர் ஐரோப்பிய உழைப்பின் கதையை எழுதுகிறார். நம் கதையை அதன் பக்கத்தில் வைக்க வேண்டியது நாம்தான். அதனால் அம்பேத்கரின் அந்த வரி வரும் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருவதையெல்லாம் துரத்த வேண்டாம். ஃபூக்கோ இறந்தது 1984-இல். அவருடைய பாலியல் வரலாற்றின் நான்காம் பாகம் 2018-இல்தான் அச்சானது. முப்பத்து நான்கு வருஷம் காத்திருந்த புத்தகம் உங்களுக்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும்.

ஹொன்னெத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வேலை எப்படி மாறி வந்தது என்று சொல்லும் வரலாற்றுப் பகுதி நடுவில் இருக்கிறது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பக்கம் போதும். அப்புறம் ஒரு தாளை எடுத்து, உங்கள் டீமில் ‘இது முடியாது’ என்று யாரால் சொல்ல முடிகிறது, யாரால் முடியவில்லை என்று எழுதுங்கள். அதை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த பதிலை அதிலிருந்து தொடங்கலாம்.