டிராக்டர் பெட்டிக்கு ஆர்.சி. இல்லை, பிடித்தால் என்ன ஆகும்?

கேள்வி: எங்களுக்கு நான்கு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. டிராக்டர் என் பெயரில், விவசாயப் பயன்பாட்டுக்கு என்று பதிவாகியிருக்கிறது. அதன் ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் நடப்பில் உள்ளன. பின்னால் மாட்டும் பெட்டியை மட்டும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். ஆர்.சி. கேட்டதற்கு, "பெட்டிக்கெல்லாம் எதுக்குங்க புக்கு" என்று சொல்லிவிட்டார். அறுவடை நேரத்தில் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவேன். மற்ற மாதங்களில் செங்கல், மண் என்று வாடகைக்கும் நடை அடிப்பதுண்டு. நெடுஞ்சாலையில் சோதனை என்று தெரிந்தால் ஊர்ச்சாலை வழியாகச் சுற்றிப் போய்விடுவேன். சில சமயம் என் 17 வயது மகனும் ஓட்டுவான். பிடித்தால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்களா? எவ்வளவு அபராதம் வரும்?

பதில்: உங்கள் கேள்வி அபராதத்தைப் பற்றியது. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது அந்த நான்கு ஏக்கரை நினைத்துத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெட்டி. "பெட்டிக்குப் புக் வேண்டாம்" என்பது கிராமத்தில் பரவலாக இருக்கும் நம்பிக்கை, சட்டப்படி தவறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, மோட்டார் வாகனம் என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. இன்ஜின் இல்லாவிட்டாலும் அது தனி வாகனம்தான். ஆகவே 39-ஆம் பிரிவின்படி அதற்குத் தனிப் பதிவு, தனி எண், தனி ஆர்.சி. வேண்டும். பதிவில்லாத வண்டியை ஓட்டினால் 192-ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் பிடிபட்டால் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

நம்பர் பிளேட் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 61-ஆம் பிரிவின்படி, பெட்டிக்குக் கொடுக்கப்பட்ட பதிவு எண்ணைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுத வேண்டும். இழுத்துச் செல்லும் டிராக்டரின் எண்ணும் பெட்டியில் தெரிய வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு எண்கள் இருப்பது குழப்பம் அல்ல, அதுதான் முறை. பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தவுடனே சோதனை செய்பவருக்கு அது பதிவான பெட்டியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பறிமுதல் பற்றிக் கேட்டீர்கள். பதிவு இல்லாமலோ, தேவையான பெர்மிட் இல்லாமலோ, உரிமம் இல்லாதவர் ஓட்டியோ வண்டி பிடிபட்டால், அதை நிறுத்திவைக்க 207-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. இது வண்டியை உங்களிடமிருந்து நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அல்ல. உரிய ஆவணங்களுடன் விண்ணப்பித்தால் விடுவிக்கலாம். ஆனால் உங்களிடம் பெட்டிக்கான ஆவணமே இல்லையே. எதைக் காட்டி விடுவிப்பீர்கள்? அறுவடை நேரத்தில் பெட்டி அங்கே முடங்கிக் கிடந்தால் அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

அடுத்தது வாடகை நடை. உங்கள் நெல்லை உங்கள் டிராக்டரில் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவது விவசாய வேலை. மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டர் என்றும் விவசாய டிரெய்லர் என்றும் தனியாக விளக்கம் கொடுத்திருப்பதே இப்படிப்பட்ட பயன்பாட்டுக்காகத்தான். அதே வண்டியில் அடுத்தவருடைய செங்கலை ஏற்றிக் கூலி வாங்கினால் நிலைமை மாறிவிடும். சட்டத்தின் 2(14) பிரிவு, சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்யப்படாத வண்டியையும், சரக்கு ஏற்றப் பயன்படுத்தும்போது சரக்கு வாகனம் என்றே கொள்கிறது. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் அது சரக்கு வாகனம், பெர்மிட் தேவை என்று 2005-இல் நட்வர் பாரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியென்றால் பெர்மிட், எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சான்று, வணிகப் பயன்பாட்டுக்கான இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

மண் அடிப்பதில் இன்னொரு சட்டமும் குறுக்கே வருகிறது. சவுடோ, கிராவலோ, மணலோ, நடைச்சீட்டு (அதைக் கொண்டுசெல்வதற்கான அனுமதிச் சீட்டு) இல்லாமல் ஏற்றினால் அது போக்குவரத்துக் குற்றத்தோடு நிற்காது. கனிமச் சட்டத்தின் கீழ் வண்டியைக் கைப்பற்றுவார்கள். அதில் பெட்டி மட்டுமல்ல, டிராக்டரும் சேர்ந்தே போகும். மண்ணுக்குச் சொந்தக்காரர் "சீட்டு என்னிடம் இருக்கிறது, நீங்கள் போங்கள்" என்றால் கிளம்பாதீர்கள். சீட்டு வண்டியில் இருக்க வேண்டும், அதில் உள்ள தேதியும் வண்டி எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

சரி, இப்போது அந்த நான்கு ஏக்கருக்கு வருகிறேன்.

உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். வண்டி விவரம் இருக்கும் கட்டத்தில் டிராக்டரின் இன்ஜின் எண், சேஸிஸ் எண் இருக்கும். டிரெய்லர் என்று ஒரு வரி இருக்கிறதா, அதற்கான பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா? கொஞ்சம் கீழே, எந்தப் பயன்பாட்டுக்கு இந்தப் பாலிசி என்று இருக்கும் பத்தியையும் படியுங்கள். விவசாய டிராக்டர் பாலிசிகளில் பெரும்பாலும் விவசாய வேலைக்கு மட்டும் என்றுதான் போட்டிருப்பார்கள். ஆர்.சி.யே இல்லாத உங்கள் பெட்டி அந்தப் பாலிசியில் ஏறியிருக்க வாய்ப்பில்லை.

இந்த நிலையில் செங்கல் நடையில் ஒரு விபத்து நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2007-இல் உச்ச நீதிமன்றம் முடித்த பிரிஜ் மோகன் வழக்கு கிட்டத்தட்ட இதே கதைதான். டிராக்டர் பெட்டியில் செங்கல் சூளைக்கான மண் வேலைக்காகப் போன தொழிலாளி ஒருவர் படுகாயமடைந்தார். விவசாயத்துக்கு என்று இன்சூரன்ஸ் செய்த டிராக்டர் வேறு வேலைக்குப் போயிருக்கிறது, ஆகவே இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்றது நீதிமன்றம். பாதிக்கப்பட்டவர் ஏழைத் தொழிலாளி என்பதால், முதலில் கம்பெனி அவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி உத்தரவிட்டது. கடைசியில் சுமை வந்து விழுவது உரிமையாளர் தலையில்.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதித்த தொகையை நீங்கள் கட்டாவிட்டால், 174-ஆம் பிரிவின்படி அது மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பும். அதன் பிறகு அது நிலவரி பாக்கியைப் போலவே வசூலாகும். நிலம் ஜப்தி வரை போகக்கூடிய வழி அது. சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்துவிட்டால் இழப்பீடு பல லட்சங்களில் வரும். இரண்டாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் பயந்து ஊர்ச்சாலையைச் சுற்றும் நீங்கள், இந்த ஆபத்தை ஒவ்வொரு நடையிலும் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறீர்கள். தயவுசெய்து இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

அதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், அறுவடை முடிந்து திரும்பும்போது கூலியாட்களைப் பெட்டியில் ஏற்றிவராதீர்கள். மட்கார்டு மேல் யாரையும் உட்காரவைக்காதீர்கள். நல்ல மனதோடு செய்வதுதான், தெரியும். ஆனால் கீழே விழுந்தால் அவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். அப்போது நீங்களும் அவர்களும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்க வேண்டியிருக்கும்.

மகன் விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை. டிராக்டர் ஓட்டும் உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 18. அதற்குக் கீழ் உள்ளவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. டிராக்டரின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். மகனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ஒரு வருடம் பொறுத்தால் முறையாகவே எடுத்துவிடலாம்.

உங்கள் உரிமம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இலகு ரக வாகன உரிமம் இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். டிராக்டருக்குச் செல்லும் உரிமம், பின்னால் பெட்டி மாட்டியதால் செல்லாமல் போகாது என்று 2001-இல் நாகஷெட்டி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் அந்த உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்திருக்கிறது.

இனி என்ன செய்வது? விற்றவரை விட்டுவிடாதீர்கள். அந்தப் பெட்டி எப்போதாவது பதிவானதா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இழுவைக் கம்பியிலோ அடிச்சட்டத்திலோ சேஸிஸ் எண் பொறித்திருக்கிறதா, பக்கவாட்டில் பழைய பெயின்ட்டுக்கு அடியில் எண் ஏதாவது தெரிகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். பதிவானது என்றால் வேலை சுலபம். படிவம் 29, 30 இரண்டிலும் அவரிடம் கையெழுத்து வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் கேளுங்கள். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காலம் கடந்திருந்தால் தாமதத்துக்கான தொகையைக் கட்ட வேண்டிவரும். கட்டிவிடுங்கள்.

ஒருபோதும் பதிவாகவில்லை என்றால், தயாரித்தவரிடமிருந்து படிவம் 21 விற்பனைச் சான்றும் படிவம் 22 தகுதிச் சான்றும் வேண்டும். பிறகு படிவம் 20-இல் விண்ணப்பித்து, மோட்டார் வாகன ஆய்வாளர் முன் பெட்டியைக் காட்ட வேண்டும். ஏதோ ஒரு வெல்டிங் பட்டறையில் சொன்னபடி செய்து கொடுத்த பெட்டி, சான்று எதுவும் கிடைக்காது என்று தெரியவந்தால், என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அதற்கு மேலும் பணம் போடாதீர்கள். யாராவது புரோக்கர் "புக் போட்டுத் தருகிறேன்" என்று இன்னொரு பெட்டியின் எண்ணைக் கொண்டுவந்தால் அது மோசடி வழக்கில் போய் முடியும். அந்தப் பெட்டி சாலைக்கு வரவே கூடாது. ஆர்.சி. உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குவதுதான் வழி.

ஆர்.சி. கையில் வந்த அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பெட்டியை அதன் பதிவு எண்ணோடு பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்புதல் எழுத்தில் வரட்டும், ஏஜென்ட்டின் வாய்வார்த்தை போதாது. வாடகை நடையைத் தொடர விரும்பினால், வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுங்கள். அடிக்கும் நடைக்கு அது கட்டாது என்றால் வாடகையை நிறுத்திவிடுங்கள். இரண்டுங்கெட்டானாக ஓட்டுவதுதான் ஆபத்து.

சோதனையில் நிறுத்தினால் நின்றுவிடுங்கள். சீருடையில் உள்ள காவலர் உரிமத்தைக் கேட்டால் காட்ட வேண்டும். டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய அரசின் மொபைல் செயலிகளில் இருப்பதைக் காட்டினாலும் செல்லும். பெட்டியின் ஆர்.சி.யையும் அதில் சேர்த்துவையுங்கள். எடை போடச் சொல்லும்போது நிற்காமல் போனால் 40,000 ரூபாய் அபராதம். ஓவர்லோடு என்று நிரூபணமானால்கூட 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும்தான். அதிகப்படி சுமையை இறக்கும் செலவு தனி. வைக்கோலோ கரும்போ பெட்டிக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் 20,000 ரூபாய். இவற்றில் சில குற்றங்களுக்கு இடத்திலேயே கட்டி முடித்துக்கொள்ளும் தொகையை மாநில அரசு அறிவித்திருக்கிறது. எதைக் கட்டினாலும் சலான் வாங்குங்கள். செய்யாத குற்றத்துக்குச் சலான் போட்டால் கட்டாமல் நீதிமன்றத்தில் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ரசீதில்லாமல் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம். கட்டாயத்தால் கொடுத்துவிட்டவர்கூட ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவர் மீது குற்றம் வராது என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது.

ஒன்று விட்டுப்போனது. பெட்டியின் பின்பக்கம் இரு ஓரங்களிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா? இருந்தாலும் சேறு மூடியிருக்கும். ஒவ்வொரு நடைக்கும் முன்னால் துடையுங்கள். இரவில் பழுதாகி நின்றால் சாலையிலிருந்து முடிந்தவரை ஒதுக்கி நிறுத்தி, பின்னால் வருபவருக்குத் தெரியும்படி விளக்கோ முக்கோண அட்டையோ வையுங்கள். இருட்டில் நிற்கும் பெட்டி மீது மோதி பைக்கில் வந்தவர் இறந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் வழக்கு வரும்; ஐந்தாண்டு வரை சிறை.

விற்றவர் ஒத்துழைக்க மறுத்தால், பெட்டி வாங்கிய தேதி, கொடுத்த தொகை, பணம் எப்படிக் கைமாறியது ஆகிய விவரங்களோடு மறுபடி எழுதுங்கள். அவருக்கு அனுப்ப வேண்டிய வக்கீல் நோட்டீஸ் பற்றிச் சொல்கிறேன். அதுவரை அந்தக் கொக்கியிலிருந்து பெட்டியைக் கழற்றி வையுங்கள்.