சூரியன் வடக்கே நிற்கும் மாதங்கள்

அன்பின் ஐயா,

நான் பொறியியல் மூன்றாம் வருட மாணவன். சூரியசக்திப் பாடத்துக்கு இந்த முறை பரீட்சையோடு ஒரு செயற்றிட்டமும் தந்திருக்கிறார்கள். இரணைமடுப் பக்கம் ஒரு விவசாயியின் தோட்டக் கிணற்றுக்குச் சோலர் பம்பி வடிவமைக்க வேண்டும். "மென்பொருளில் ஒரு மெகாவோற் சோலர் பண்ணை செய்தால் வேலைக்காவது உதவும், மிளகாய்க்குத் தண்ணி இறைச்சு என்ன கண்டது?" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. பற்றறி போடுவதா இல்லையா என்பதிலும் குழப்பம்.

ர., கிளிநொச்சி

அன்பின் தம்பி,

மிளகாய்த் தோட்டம் லேசான வேலை என்று உங்கள் நண்பர்களுக்கு யார் சொன்னது?

தகட்டின் சரிவையே எடுங்கள். ஐரோப்பியப் பாடநூல்கள் தெற்குப் பார்த்து முப்பது பாகைக்கு மேல் சரிக்கச் சொல்லும். கிளிநொச்சி இருப்பது வட அகலாங்கு 9.4 பாகையில். அகலாங்கு அளவுக்குச் சரிவு என்ற விதியைப் பிடித்து 'தெற்கே 9 பாகை' என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் இறைப்பு எந்த மாதத்தில்? மாரியில் வானமே பார்த்துக்கொள்ளும். பம்பிக்கு வேலை சித்திரைக்குப் பிறகுதான். ஏப்ரல் நடுப்பகுதி தொடங்கி ஓகஸ்ட் கடைசி வரை எங்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21இல் 14 பாகை. தண்ணி அதிகம் தேவைப்படும் மாதங்களில் தெற்குச் சரிவு நட்டம்தான். தகட்டைக் கிட்டத்தட்டப் படுக்கவே வைக்கலாம். அப்படி வைத்தால் சோழகக் காற்றின் புழுதி படியும், கழுவ மழையும் வராது. யார் துடைப்பது என்பதையும் வரைபடத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

தகட்டில் எழுதியிருக்கும் வோற் 25 பாகைச் சூட்டில் அளந்தது. வைகாசி மத்தியானத்தில் தகட்டின் சூடு 60ஐத் தொடும். ஒரு பாகைக்கு வோற் ஏறத்தாழ 0.4 வீதம் குறையும் என்று வைத்தால் 14 வீதம் போய்விடும். நம்பாவிட்டால் வெப்பமானியைத் தகட்டின் முதுகில் ஒட்டிப் பாருங்கள்.

இனி தண்ணி. 8 மீற்றர் ஆழத்திலிருந்து 30,000 லீற்றர் தூக்க 0.65 அலகு (கிலோவோற் மணி) சக்தி போதும். பம்பியும் மோட்டரும் சேர்ந்து 40 வீதம் வினைத்திறன் என்றால் 1.6 அலகு. 500 வோற் தகடு நல்ல வெயில் நாளில் அதைத் தந்துவிடும். கணக்கு இவ்வளவு சுருக்கமாக முடிவதுதான் எனக்குப் பயம். மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனபோது தோட்டக்காரர் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் எண்ணித்தான் இறைத்திருப்பார். வெயிலுக்குக் காசு இல்லை, பம்பி ஓடிக்கொண்டே இருக்கும். வவுனியாப் பக்கத்துக் கருங்கல் கிணறு அவ்வளவு வேகமாக ஊறாது. பூநகரிப் பக்கம் அளவு மீறினால் உவர் ஏறும். ஆகவே தகட்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது கிணற்றின் ஊற்று. ஒருநாள் இறைத்துவிட்டு மட்டம் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கயிறு விட்டு அளந்தீர்களா? அந்த அளவை எந்த மென்பொருளும் தராது, கிணற்றுக்காரரிடம் கேட்டால் பாதிப் பதில் வரும்.

மென்பொருளையும் கற்றுக்கொள்ளுங்கள், அதை நான் தடுக்கவில்லை. நான் வெறுப்பது வேறொன்றை: நாடா வெட்டிப் படமெடுத்துவிட்டுப் போய், அடுத்த வருடம் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானதும் பற்றை மூடிக் கிடக்கும் 'பசுமை' மாதிரித் திட்டங்களை. பரந்தனிலோ கிளிநொச்சியிலோ உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கடைகடையாக விசாரித்துவிட்டுப் பெட்டியைத் தெரிவுசெய்யுங்கள்.

பற்றறி இந்தக் கிணற்றுக்குத் தேவையில்லை. அந்தக் காசில் உயரத்தில் ஒரு தொட்டி கட்டுங்கள். பகலில் நிரப்பி, பின்னேரம் திறந்துவிடலாம். அந்த விவசாயிக்கு யானை மின்வேலியும் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் பற்றறி வையுங்கள். யானை வருவது இரவில்.