கூலிக் கணக்கும் அமேசான் நேர்காணலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு. அமேசான் ஆன்லைன் தேர்வில் தேறிவிட்டேன், அடுத்தது நேர்காணல். ஏற்கெனவே போய்வந்த மூன்று சீனியர்களிடம் கேட்டேன். ‘ட்ரீ, கிராஃப் என்று தரவை அடுக்கும் முறைகளை மட்டும் படி’ என்கிறார் ஒரு அக்கா. ‘கோடிங் பேருக்குத்தான், எல்லாம் லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ்’ என்கிறார் ஓர் அண்ணன். மூன்றாமவர் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாராம், எடுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லையாம். யாரை நம்புவது?

என் புராஜெக்ட், மாமாவின் லுங்கித் தறிகளுக்குக் கூலிக் கணக்குப் போடும் ஆப். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது சில நெசவாளர்களுக்கு முன்பணம் இரண்டு தடவை கழிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்தேன். இதைப் போய்ச் சொல்வதா, ஏதாவது ஏஐ புராஜெக்ட் போட்டுக்கொள்வதா? ஆங்கிலமும் சரளமாக வராது.

ம., குடியாத்தம்

*

அன்புள்ள ம.,

மூவரையும் நம்பலாம். நேர்காணல் முடித்து வருகிறவருக்குக் கேள்விதான் நினைவில் நிற்கும். எதிரில் இருந்தவர் குறித்துக்கொண்டதோ பதில் போன வழியை. அதனால் சீனியர்களிடம் ‘என்ன கேட்டார்கள்’ என்பதோடு விடாதீர்கள். எந்த வேலைக்கு, எந்த வருஷம், நீங்கள் பதில் சொன்னதும் அடுத்து என்ன கேட்டார்கள் என்று துருவுங்கள். அந்த இரண்டாவது, மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

அமேசானில் சுற்றுகளைப் பங்கு பிரித்துத்தான் நடத்துவார்கள். லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ் என்பவை ஊழியர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அமேசான் வகுத்த கொள்கைகள், மொத்தம் 16. 2021 ஜூலையில் கடைசி இரண்டும் சேர்ந்தன. 14 என்று யாராவது குறிப்பு கொடுத்தால் அது பழசு. நேர்காணல் செய்யும் ஒவ்வொருவருக்கும் இவற்றில் சிலவற்றை ஒதுக்கிவிடுவார்கள். தொழில்நுட்பக் கேள்வியை அவரவரே தேர்ந்தெடுப்பார்கள். அக்காவுக்கு ட்ரீ வந்ததும் அண்ணனுக்கு வராததும் இப்படித்தான். உங்களுக்கு இரண்டுமே வராமலும் போகலாம்.

மூன்றாமவர் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் தன் குறிப்பையும் முடிவையும் தனித்தனியே எழுதிக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் எழுதியதைப் பார்ப்பார்கள். பிறகு கூடிப் பேசுவார்கள். வழக்கமாக அதில் ‘பார் ரைசர்’ என்று ஒருவர் இருப்பார். ஆள் தேவைப்படும் குழுவைச் சேராதவர், அவசரத்துக்கு ஆள் எடுத்துவிடக் கூடாதென்று பார்க்க வேண்டியவர். அவர் ஒப்பாமல் வேலை கிடைக்காது. ஒரே புராஜெக்ட் கதையை நான்கு சுற்றிலும் சொன்னவருக்கு ஒவ்வொரு சுற்றும் நன்றாகப் போனதாகவே தோன்றும். கூட்டத்தில் நான்கு குறிப்பையும் பக்கத்தில் வைத்தால் இருப்பது ஒரே சம்பவம். ஆகவே ஆறேழு சம்பவங்களைத் தயார் செய்யுங்கள். கல்லூரி விழா, லேபில் நடந்த தகராறு, பாதியில் கைவிட்ட வேலை எதுவானாலும் சரி. ஒவ்வொன்றும் எந்தெந்தப் பிரின்சிபிளுக்குப் பொருந்தும் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இனி கூலிக் கணக்கு. அதை விட்டுவிட்டு ஏஐ புராஜெக்ட் தேடுவது வீண்வேலை. கடன் வாங்கிய புராஜெக்ட் மூன்றாவது கேள்வியில் நின்றுவிடும். ஏன் இந்த மாடல், எங்கே தப்பாகச் சொன்னது என்றதும் வாய் அடைத்துவிடும். உங்கள் ஆப்பில் பத்துக் கேள்வி வரை போகலாம். முன்பணம் ஏன் இரண்டு தடவை கழிந்தது? நெட்வொர்க் சரியில்லாமல் ‘சேவ்’ பட்டனை மறுபடி அழுத்தியதாலா, இரண்டு போனில் ஒரே பதிவைப் போட்டதாலா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள், நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டா? ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்துத் தடுத்தீர்களா, பட்டனை மட்டும் முடக்கினீர்களா? பட்டனை முடக்கினால் ஆப்பை மூடித் திறந்து மறுபடி போடுகிறவரைத் தடுக்க முடியாதே? எத்தனை தறி, வாரத்துக்கு எத்தனை பதிவு, சரிசெய்த பின் எத்தனை வாரம் கணக்கு ஒத்துப்போனது? இந்த எண்களை மாமாவிடம் கேட்டு இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் வரிசை சூழல், உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு. எல்லோரும் சறுக்குவது சூழலில். பாவு என்றால் என்ன, லுங்கி எப்படி நெய்வது என்று இரண்டு நிமிடம் போய்விடும். அரை நிமிடம் போதும்: ‘நெசவாளருக்கு வாரக் கூலி, அதில் முன்பணம் கழிப்போம், சிலருக்கு இரண்டு தடவை கழிந்தது.’ மீதி நேரம் முழுக்க நீங்கள் செய்ததற்கு. இன்னொன்று, நம் பக்கத்துப் பிள்ளைகள் தனியாகச் செய்ததைக்கூட ‘நாங்கள் செய்தோம்’ என்பார்கள். ‘நான்’ என்றால் தற்பெருமை என்று வளர்ப்பிலேயே வந்துவிட்டது. எதிரில் இருப்பவருக்கோ உங்கள் பங்கு என்ன என்றே தெரியாமல் போகிறது. கூச்சப்படாமல் ‘நான்’ என்று சொல்லுங்கள்.

கோடிங் பகுதிக்கு ஓர் உதாரணம். ஒரு அரேயில், அதாவது எண்களின் பட்டியலில், எந்த இரண்டு எண்ணைக் கூட்டினால் 10 வரும் என்று கேட்கிறார்கள். உடனே எழுத ஆரம்பிக்காதீர்கள். வரிசைப்படுத்தியதா, ஒரே எண் இரண்டு தடவை வருமா, விடையே இல்லாமல் போகுமா, எத்தனை எண் என்று முதலில் கேளுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் போட்டு எல்லா ஜோடியையும் பார்த்தால் விடை வரும். ஆனால் ஒரு லட்சம் எண் இருந்தால் சுமார் 500 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டும். இதை நீங்களே சொல்லிவிட்டு, பார்த்த எண்களைப் போட்டுவைத்து உடனே தேடி எடுக்கும் ஹேஷ் மேப்புக்குப் போங்கள். ஒரே நடையில், லட்சம் படிகளில் முடியும். அங்கே வழக்கமான ஓட்டை ஒன்று உண்டு. எண்ணை முதலில் மேப்பில் போட்டுவிட்டுத் தேடினால், ஒரே ஒரு 5 இருந்தாலும் 5-உம் 5-உம் 10 என்று விடை வந்துவிடும். தேடிவிட்டுப் போட வேண்டும். அடுத்து ‘மெமரி குறைவு, என்ன செய்வாய்?’ என்பார்கள். வரிசைப்படுத்தி இரு முனையிலிருந்தும் உள்ளே வருவது அதற்குப் பதில்.

எழுதும் இடம் பெரும்பாலும் வெறும் எடிட்டர்தான், ஓட்டிப் பார்க்க முடியாது. சிறிய உதாரணத்தை வைத்து வரிவரியாக வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். சத்தமில்லாமல் ஐந்து நிமிடம் யோசித்துச் சரியான விடை எழுதினால் அவர் குறித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. விடைக்கு வழிகாட்ட அவர் ஏதாவது துப்புக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதனால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தமில்லை.

ஆங்கிலம் இதற்குச் சின்ன வாக்கியங்களில் போதும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள், தொடக்கம் வந்தால் மற்றது வரும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கத் தயங்க வேண்டாம். முழுக்க மனப்பாடம் செய்தால் இடையில் ஒரு கேள்வி வந்ததும் இழை அறுந்துவிடும்.

சென்னையில் ஆள் இருக்கிறது, பணம் கட்டினால் ஆஃபர் லெட்டர் வரும் என்று வேலூர், காட்பாடிப் பக்கம் யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அமேசான் எந்தச் சுற்றுக்கும் பணம் கேட்காது.

வீட்டிலிருந்து வீடியோ நேர்காணல் என்றால் அன்று உங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை உண்டா என்று முதல்நாளே பாருங்கள். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும், மோடம் அணைந்துவிடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முழுதாகப் பேசிச் சோதித்து வையுங்கள். தறிச் சத்தம் கேட்கும் வீடென்றால் தோழி வீட்டுக்குப் போய்விடுங்கள். மின்தடை உறுதியென்றால் நேரம் மாற்றித் தரும்படி முதல்நாளே மின்னஞ்சல் அனுப்புங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.