பாலைப் பட்டாணி செந்தூலில் பூக்குமா?

கேள்வி: அடிலெய்டில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது ‘ஸ்டர்ட் டெசர்ட் பீ’ என்ற பாலைப் பட்டாணிப் பூவின் விதை இருபது கொண்டுவந்தாள். எட்டு விதைகளைப் பூச்சாடியில் ஊன்றினேன். கடையில் விற்கும் பாக்கெட் கறுப்பு மண். காலையும் மாலையும் தண்ணீர். ஆறு முளைக்கவே இல்லை. முளைத்த இரண்டும் ஒரு வாரத்தில் சாய்ந்துவிட்டன. பாலைவனச் செடிக்கு நம் ஊர் வெயில் போதவில்லையா? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வெயிலில் குறையே இல்லை, அம்மா. முளைக்காத ஆறுக்கு ஒரு காரணம், சாய்ந்த இரண்டுக்கு வேறு காரணம்.

அந்த ஆறும் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். இது அவரைக் குடும்பத்துச் செடி. விதையின் தோல் தண்ணீர் புகாத அளவுக்குக் கெட்டி. அதன் சொந்த ஊரான ஆஸ்திரேலிய உள்நாட்டு மணல்வெளிகளில் பல இடங்களில் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. ஒரு தூறலை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால் அடுத்த வெயிலில் வம்சமே கருகும். ஆகவே விதைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் காத்துக் கிடந்து, நல்ல மழைக்குப் பிறகே கண் திறக்கின்றன.

அந்தப் பூட்டை நீங்கள்தான் திறக்க வேண்டும். கொதித்து இறக்கிய தண்ணீரை விதை மேல் ஊற்றி மறுநாள் காலை வரை விட்டுவிடுங்கள். ஊறியது எது என்று பார்த்தவுடன் தெரியும்: ஊறிய உளுந்து போலப் பருத்து வழவழவென்று இருக்கும். கல்லாகவே கிடப்பதை எடுத்து, காம்பு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் தோலை மட்டும் துளி கிள்ளி, மறுபடி ஊறவையுங்கள். உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கை தாண்டினால் பருப்பு போய்விடும்.

சாய்ந்த நாற்றுகளுக்கு வந்தது நாற்றழுகல் என்றே நினைக்கிறேன். அடுத்த முறை நடந்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். மேலே இலை பச்சையாகவே இருக்கும். அந்த ஒரு சுற்று மட்டும் நனைந்த நூல் போல இளைத்துப் பழுப்பாகியிருக்கும். ஈர மண்ணில் வாழும் பூஞ்சைகளின் வேலை அது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. போதாததற்கு, பாக்கெட் மண் ஈரத்தைப் பஞ்சு போலப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாலைவனத்தில் இரவு குளிர்ந்து காற்று உலர்ந்திருக்கும்; நமக்கோ இரவும் புழுக்கம்தான். வெயில் ஒத்துப்போனாலும் இரவு ஒத்துப்போகவில்லை.

ஆகவே சாடியிலிருந்து தொடங்குவோம். இந்தச் செடி தரையோடு படர்ந்தாலும் ஆணிவேர் நேராக ஆழம் தேடிப் போகும். ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள சாடி அல்லது அடியில் மூடாத வடிகால் குழாய்த் துண்டு நல்லது. மூன்று பங்கு பருமணல், ஒரு பங்கு சரளை, ஒரு பங்கு மண் போதும். கடல்மணல் வேண்டாம், உப்பு இருக்கும். கோழி எருவும் வேண்டாம். வேரைத் தொட்டால் பிழைக்காத செடி இது. நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாமல், வளர வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். நாற்று நின்ற பிறகு, விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் காலையில் தண்ணீர். இலை மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. சாம்பல்நிற இலையில் மென்மயிர் அடர்ந்திருப்பதால் ஈரம் அதில் தங்கிவிடும்.

சாடியை வைக்க, கார் போர்ச்சில் ஒளி புகும் கூரைக்கு அடியில் ஒரு மூலை போதும். மழை படக் கூடாது; ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும்; காற்றும் ஓட வேண்டும். கோலாலம்பூரில் மே மாதக் கடைசியில் விதைத்தால், மழை சற்றுக் குறையும் ஜூன், ஜூலையில் நாற்று தேறிவிடும். பினாங்கு வாசகர்களுக்கு டிசம்பர் பாதி. அங்கே ஜனவரி, பிப்ரவரிதான் வறண்ட மாதங்கள்.

எல்லாம் கூடிவந்தால் ஏறக்குறைய நான்கு மாதத்தில் பூக்கும். அகத்திப்பூவைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதன் உறவுதான். ஒன்பது சென்டிமீட்டர் நீளம், இரத்தச் சிவப்பு; நடுவில் கறுப்புக் குமிழ் ஒன்று ஈரமான கண் போலப் பளபளக்கும். 1699இல் வில்லியம் டாம்பியர் என்ற கப்பலோடி இதைக் காயவைத்து எடுத்துப்போனார். அந்த மாதிரி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. பெயர் மட்டும் 1844இல் உள்நாட்டுக்குப் பயணம் போன சார்ல்ஸ் ஸ்டர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 1961 முதல் தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் சின்னப் பூ இதுதான். அங்கே அனுமதியில்லாமல் காட்டில் பறிக்க முடியாது. கடையில் விற்கும் விதையைத்தான் வாங்க வேண்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவுக்குள் விதை கொண்டுவர, 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற வேண்டும். மகள் வாங்கவில்லையென்றால், மிச்சத்தை விதைக்கும் முன் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகளிடம் கேட்டுவிடுங்கள். பயண அவசரத்தில் பலரும் மறப்பது இது.

நானும் இந்தச் செடியிடம் பலமுறை தோற்றிருக்கிறேன். ஒரே ஒரு செடி பூத்தது. அடுத்த மாதமே வேர் அழுகிப் போனது. இங்கே இதை ஆண்டுக்கணக்கில் வாழும் செடியாக நினைக்காதீர்கள், ஒரு பருவத்து விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையாகப் படரும் மணல் பூதான் வேண்டுமென்றால் டேபிள் ரோஸ் இருக்கிறது. பினாங்குக் கடற்கரைக்காரர்களுக்கோ நம் சங்கப் பாடல்களில் வரும் அடும்பங்கொடியே இருக்கிறது. மலாய்க்காரர்கள் தாப்பாக் கூடா என்பார்கள்.

உங்களிடம் இன்னும் பன்னிரண்டு விதை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊறவைத்துவிடாதீர்கள். நான்கை எடுத்துக்கொண்டு, மற்றதை மூடி இறுக்கமான பாட்டிலில் ஈரம் படாமல் வையுங்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது.