சிங்கப்பூரில் கள்ளப்பண வழக்குகளையும் பொருளாதாரத் தடை விவகாரங்களையும் பார்க்கும் வக்கீலுக்கு அன்றாடம் என்னதான் வேலை?

கேட்டவர் சென்னையில் சட்டம் படிக்கிறாராம். "எப்போதும் பெரிய புள்ளிகளோடுதான் பழக்கமா? நானும் இந்தத் துறைக்கு வர முடியுமா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு, அதனால் பதில் சொல்கிறேன். கட்சிக்காரர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெரிய புள்ளிகள் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 15 அன்று 400க்கும் மேற்பட்ட காவல்துறை அதிகாரிகள் தீவு முழுக்க ஒரே நேரத்தில் சோதனை போட்டு, பத்து வெளிநாட்டவரைக் கைது செய்தார்கள். பங்களா, சொகுசு கார், தங்கக்கட்டி, விலையுயர்ந்த கைப்பை என்று முதலில் 1 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கணக்கு வந்தது, போகப்போக அது 3 பில்லியனைத் தாண்டியது. பத்துப் பேருக்கும் 2024இல் 13 முதல் 17 மாதம் வரை சிறை. அந்த ஆகஸ்ட்டுக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் போன் ஓயவே இல்லை. ஆனால் கூப்பிட்டவர்கள் பங்களாக்காரர்கள் இல்லை. திடீரென்று வங்கிக் கணக்கு முடங்கி, என்ன ஏது என்று புரியாமல் தவித்த சாதாரண மனிதர்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்தவர், துவாஸில் ஒரு பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிய பையோடு நேராக என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலக்கா. அக்கவுண்ட்டை மட்டும்தான் குடுத்தேன்." டெலிகிராமில் யாரோ ஒருவன், கிரிப்டோ வியாபாரத்துக்குக் கணக்கு வேண்டும், மாதம் 500 வெள்ளி தருகிறேன் என்றிருக்கிறான். இவர் ஏடிஎம் அட்டையையும், அரசின் மின்னடையாளமான சிங்பாஸின் கடவுச்சொல்லையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

வங்கி அறிக்கையை மேசையில் விரித்தோம். மூன்று பக்கம். இவருடைய சம்பளம் ஏழாம் தேதி வருகிறது, பத்தாம் தேதி ஊருக்குப் போகிறது. மாதாமாதம் அதேதான். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 4,800 வெள்ளி வந்திருக்கிறது, பதினோரு நிமிடத்தில் வெளியே போயிருக்கிறது. அடுத்து 9,000 வந்து ஆறு நிமிடத்தில் போயிருக்கிறது. அன்று மட்டும் அப்படிப் பதினான்கு வரிகள். யாரோ ஒரு பாட்டியின் மத்திய சேமநிதியோ என்னவோ, இவர் கணக்கைத் தொட்டுவிட்டு ஓடிப்போயிருக்கிறது.

தான் அப்பாவி என்பதற்கு ஆதாரமாக அவர் டெலிகிராம் உரையாடலைக் காட்டினார். "பாருங்கக்கா, நான் கேட்டிருக்கேன்." அதில் அவர் எழுதியிருந்தது: "ப்ரோ, இதுனால பிரச்சினை எதுவும் வராதுல்ல?" அந்தப் பக்கம் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தான். அதோடு உரையாடல் முடிந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த ஒரு வரிதான் அவருக்கு எதிரான முக்கியமான சாட்சி. பிரச்சினை வருமோ என்று கேட்டிருக்கிறார் என்றால், மனதில் சந்தேகம் இருந்திருக்கிறது. சந்தேகம் இருந்தும் கொடுத்திருக்கிறார்.

முன்பெல்லாம் அரசுத் தரப்பு இதில் திணறும். அது குற்றப்பணம் என்று அந்த ஆளுக்குத் தெரியும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. "வேலை என்று நினைத்தேன்" என்று சொல்லி நழுவியவர்கள் நிறையப் பேர். 2024 பிப்ரவரி 8இல் நடப்புக்கு வந்த திருத்தம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. தெரிந்தே செய்தால் 10 ஆண்டு வரை சிறை, 500,000 வெள்ளி வரை அபராதம் என்பது பழைய சட்டம், அது அப்படியே இருக்கிறது. அதன் கீழே இரண்டு படிகள் புதிதாக வந்தன. சந்தேகம் இருந்தும் துணிந்து செய்தால் 5 ஆண்டு வரை, 250,000 வெள்ளி வரை. சாதாரண மனிதனுக்கு வந்திருக்க வேண்டிய சந்தேகம்கூட வராமல் அலட்சியமாக இருந்தால் 3 ஆண்டு வரை, 150,000 வெள்ளி வரை. சிங்பாஸைக் கொடுத்தது தனிக் குற்றம். 2025 நவம்பரில் நாடாளுமன்றம் இன்னொரு படி மேலே போய், இப்படிக் கணக்கு கொடுப்பவர்களுக்கு 12 பிரம்படி வரை விதிக்கலாம் என்று சட்டம் இயற்றியது. அலட்சியத்தையும் கள்ளத்தனத்தையும் ஒரே குடும்பத்துக் குற்றமாக வைப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் மோசடியில் வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்தவர் எதிரில் உட்கார்ந்து பேசும் நாளில் என் கருத்து ஆட்டம் காணும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தம்பிக்கு நான் செய்தது பெரும்பாலும் காகித வேலை. கணக்கை முடக்குவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒரு தொகையை விடுவிக்கக் கேட்கலாம், அதைக் கேட்டோம். சம்பளப் பணம் எது, வந்துபோன பணம் எது என்று வரி வரியாகப் பிரித்துக் கொடுத்தோம். அரசுத் தரப்புக்கு விளக்கக் கடிதம் எழுதினோம். நீதிமன்றத்தில் அங்கி பறக்க வாதாடுவதெல்லாம் வருடத்துக்குச் சில நாட்கள்தான். மற்ற நாளெல்லாம் எக்செல் தாளும் மஞ்சள் மார்க்கர் பேனாவும்.

தடை விவகாரம் வேறு மாதிரி. இங்கே குற்றவாளி என்று பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள், பணம் மட்டும் நடுவழியில் நின்றிருக்கும். நோன்புக்கு முன்னால் பேரீச்சம்பழம் இறக்குமதி செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார், அரபு ஸ்திரீட் பக்கம் கடை. துபாய் வியாபாரிக்கு அமெரிக்க டாலரில் அனுப்பிய பணம் நியூயார்க் வங்கியில் மாட்டிக்கொண்டது. "என்னம்மா இது, நான் வாங்கினது பேரீச்சம்பழம், அணுகுண்டா?" என்று கத்தினார். இன்வாய்ஸை வாங்கிப் பார்த்தேன். பழத்தின் ரகம் 'மஸாஃபதி' என்றிருந்தது. ஈரானின் பாம் பகுதிக்குப் பேர்போன பழம்.

"பாய், இது எங்கே விளைஞ்சதுன்னு கேட்டீங்களா?"

"துபாய்க்காரன்கிட்ட வாங்குறேன். துபாய்ச் சரக்குதானே?"

சிங்கப்பூர்ச் சட்டத்தில் பேரீச்சம்பழத்துக்குத் தடையில்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விதிக்கும் தடைகளை இங்கே சட்டமாக்குவார்கள். வடகொரியாவோடு 2017 நவம்பரிலிருந்து எந்த வியாபாரமும் கூடாது. ஐ.நா. சொல்லாமலே சிங்கப்பூர் தானாக விதித்தது அபூர்வம், 2022 மார்ச்சில் ரஷ்யா மீது விதித்தது அப்படி ஒன்று. ஈரான் மீது அமெரிக்கா விதித்த தடை இங்கே சட்டமே கிடையாது. ஆனால் டாலர் என்றால் பணம் நியூயார்க் வாசலை மிதித்துத்தான் போகும், மிதித்த நொடியில் அவர்கள் சட்டம் பிடித்துக்கொள்ளும். 2017இல் சிஎஸ்இ குளோபல் என்ற சிங்கப்பூர் நிறுவனத்துக்கும் அதன் துணை நிறுவனத்துக்கும் நேர்ந்தது இதுதான். ஈரான் வேலைகளுக்காகத் துணை நிறுவனம் இங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்து 104 முறை டாலர் அனுப்பியது. ஈரான் விவகாரத்தை உங்கள் வழியாக அனுப்பமாட்டோம் என்று வங்கிக்கு எழுதிவேறு கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவோடு சமரசம் செய்ய ஆன செலவு 12 மில்லியன் டாலருக்கும் மேல். இதைச் சொன்னதும் பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு தலைவலி பெயர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடப்பிதழில் அப்பா பெயர் முன்னால், வங்கியில் த/பெ போட்டுப் பின்னால், ஊர்க் கணக்கில் வெறும் முதலெழுத்து. வங்கியின் கணினி இதைத் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டால் மூன்று வேறு ஆட்கள் என்று நினைக்கும், அல்லது பட்டியலில் இருக்கும் நான்காவது ஆள் என்று நினைக்கும். பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழும் கொடுத்து "இவர் அவரில்லை" என்று எழுதிய கடிதங்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும்.

உண்டியலைப் பற்றியும், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் ஊருக்குப் பணம் அனுப்புவதைப் பற்றியும் கேட்பார்கள். உரிமம் இல்லாமல் ஊருக்குப் பணம் மாற்றிவிட்டால் 125,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. காசு ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்தாலும் குற்றம் குற்றம்தான்.

வக்கீலுக்கும் இந்தச் சட்டங்களில் விலக்கு கிடையாது. புதுக் கட்சிக்காரர் யார், வீடு வாங்க எங்களிடம் போடும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை நல்ல கட்டணத்தோடு வந்தவரிடம், நிறுவனத்தின் உண்மையான சொந்தக்காரர் யார் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வேறு வேறு பெயர். வேலையை எடுக்கவில்லை. சந்தேகம் வலுத்தால் காவல்துறையின் வர்த்தக விவகாரப் பிரிவுக்கு அறிக்கை தர வேண்டும், கட்சிக்காரர் சட்ட ஆலோசனைக்காக அந்தரங்கமாகச் சொன்னது மட்டும் விதிவிலக்கு. அறிக்கை போனது என்று சம்பந்தப்பட்டவர் காதில் போட்டால் அது இன்னொரு குற்றம். "ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று ஒருவர் நேரில் கேட்கும்போது நேரமில்லை என்று முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். எந்தக் கல்லூரியிலும் அதைச் சொல்லித் தருவதில்லை.

நீங்கள் வர முடியுமா என்றால், வக்கீலாக வருவது கடினம். இங்கே பதிவு செய்ய உள்ளூர்ச் சட்டப் பட்டமோ, அங்கீகாரப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டமோ வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வங்கிகளின் இணக்கப் பிரிவில், அதாவது கம்ப்ளையன்ஸில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த வழியைப் பாருங்கள். கணக்குப் படிக்கப் பழகுங்கள். ஒரு வருட வங்கி அறிக்கையைக் கையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் அந்த ஆள் எப்படி வாழ்கிறார் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அந்தத் தம்பி எச்சரிக்கை மட்டும் வாங்கிக்கொண்டு தப்பினார். கணக்கு திறக்க ஏழு மாதம் ஆனது. பாயின் பணம் ஆறு வாரத்தில் திரும்பி வந்தது, அந்த வருட நோன்பு வியாபாரம் போனது போனதுதான். இப்போது வருடாவருடம் எனக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்புகிறார். துனீசியப் பழம். எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்றிதழின் நகலைப் பெட்டியின் மேலேயே ஒட்டி அனுப்புகிறார்.